பண்ருட்டிப் பலாவில் ஒரு கிட்டார்

பலாப்பழம் பழுத்துவிட்டதா என்று பார்க்க எங்கள் பக்கத்தில் யாரும் கத்தியை எடுப்பதில்லை. விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். காய் என்றால் கட்டையைத் தட்டியது போல இறுக்கமாக ஒலிக்கும். பழுக்கப் பழுக்க அந்த ஒலி இளகி, 'தொம்' என்று உள்ளுக்குள் இறங்கிவிடும். என் நண்பனின் அப்பா இதில் கைதேர்ந்தவர். பண்ருட்டிக்குப் பக்கத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் பலாவும் முந்திரியும் உண்டு. கல்லூரி விடுமுறையில் அங்கே போனால், அவர் ஏணியில் நின்றபடி ஒவ்வொன்றாகத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டு, "இது நாளைக்கு, இது இன்னும் மூணு நாள்" என்று சொல்லிக்கொண்டே போவார். ஒன்றும் தப்பாது.

போன வைகாசியில், அந்தத் தோப்பில் நின்ற ஒரு மரத்தின் பலகையைக் கொண்டு என் நண்பனுக்கு ஒரு கிட்டார் செய்து கொடுத்தேன். பதினாறு மாதம், பெரும்பாலும் சனி ஞாயிறுகளில் செய்த வேலை. இதற்கு முன் மூன்று கிட்டார்கள் செய்திருக்கிறேன். கம்பியானோவும் நாட்டல்சனும் எழுதி 1987-இல் வந்த தடித்த புத்தகம்தான் எனக்கு வாத்தியார். ஆனால் இன்னாருக்கு என்று மனதில் வைத்துச் செய்தது இதுவே முதல் தடவை. அந்த வித்தியாசத்தை எழுதிவைக்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

அவன் கை

நண்பன் பெங்களூரில் லேத் பட்டறையில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவன். கல்லூரியில் எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு அவன்தான் கிட்டார். 'பயணங்கள் முடிவதில்லை' படத்து 'இளைய நிலா'வின் கிட்டார் இசையை, கேசட்டைப் பின்னால் ஓட்டி ஓட்டி, டேப் தேய்கிற வரை கேட்டுப் பழகினான். படம் வந்தது 1982-இல். நாங்கள் கேட்டது அதற்குப் பல வருடம் கழித்து. அப்போதும் எங்களுக்கு அது புதுப்பாட்டுதான். அவன் பிக் பிடித்து வாசிக்க மாட்டான். விரல் நுனிச் சதையால், பூப் பறிக்கிற மாதிரி மெதுவாக மீட்டுவான். பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும்.

நான்கு வருடங்களுக்கு முன் அவன் வீட்டுக்குப் போனபோது கிட்டார் பீரோவின் மேல் உறைக்குள் கிடந்தது.

"பத்து நிமிஷம் வாசிச்சா இந்தக் கட்டைவிரல் அடியில புடிச்சுக்குது மச்சான். அப்புறம் ரெண்டு நாளைக்கு டம்ளரைக்கூட ஒழுங்காப் புடிக்க முடியல" என்றான்.

இடது கைக் கட்டைவிரல் மூட்டு. டாக்டர் தேய்மானம் என்றிருக்கிறார். அவனிடம் இருந்தது கடையில் வாங்கிய பெரிய கிட்டார், டிரெட்நாட் என்று சொல்லும் அகன்ற வயிற்று வகை. நல்ல கருவிதான். எடுத்து வாசித்துப் பார்த்தேன். ஓங்கி அடித்தால் அறையே அதிர்ந்தது. அவன் வாசிக்கிற மாதிரி மெதுவாகத் தொட்டால் பாதி ஒலி மரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

காரணம் இதுதான். எஃகுத் தந்தி கிட்டாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து சாதாரணமாக 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. ஓர் ஆளைத் தூக்கித் தொங்கவிட்ட பாரம். அதை இரவும் பகலும் தாங்குவது 3 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு பலகை. தொழிற்சாலையில் செய்கிறவருக்கு அந்தக் கிட்டார் யார் கைக்குப் போகும், எந்த ஊர் வெயிலில் கிடக்கும், எவ்வளவு தடித்த தந்தியைப் போடுவார்கள் என்று எதுவும் தெரியாது. அதனால் யார் என்ன செய்தாலும் உடையாதபடி கொஞ்சம் கூடுதல் மரம் வைத்தே செய்வார். அது அவருடைய பொறுப்புணர்ச்சி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கூடுதல் மரத்தை அசைப்பதற்கே மெல்லிய விரலின் சக்தியெல்லாம் செலவாகிவிடும்.

எனக்கு அந்தக் கையைத் தெரியும். முப்பது வருடமாகத் தெரியும். அப்படியென்றால் அந்தக் கூடுதல் மரத்தை என்னால் எடுத்துவிட முடியும். பெங்களூரிலிருந்து திரும்பும் ரயிலில் இந்த எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

விழுந்த மரம்

2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கத்தில் பலாவையும் முந்திரியையும் தலைமுறை தலைமுறையாக வளர்த்தவர்களில் பலர் அன்று ஒரே காலையில் எல்லாவற்றையும் இழந்தார்கள். நண்பனின் தோப்பில் வீட்டுக்குப் பின்னால் நின்ற பெரிய மரமும் வேரோடு சாய்ந்தது. அவன் அப்பா அதை விறகுக்கு விற்க மனமில்லாமல், பலகையாக அறுத்து, இடையிடையே சட்டம் கொடுத்து, மாட்டுக்கொட்டகைப் பரணில் அடுக்கிவைத்திருந்தார்.

போன் செய்து அவன் அம்மாவிடம் கேட்டேன்.

"எடுத்துக்கிட்டுப் போப்பா. வாசக்கதவு போடணும்னு வெச்சிருந்தாரு. அவரும் போயிட்டாரு, கதவும் போடல" என்றார்கள்.

2024 தை மாதம் போய்ப் பரணில் ஏறினேன். பன்னிரண்டு வருடம் நிழலில் காற்றாடக் காய்ந்த பலகைகள். ஓரத்து வெளுப்பில் மட்டும் பூச்சி அரித்திருந்தது. வைரத்தில் ஒரு துளை இல்லை. காசு கொடுத்தாலும் இப்படிப் பதமாகக் காய்ந்த மரம் எளிதில் கிடைக்காது.

பலாவில் கிட்டாரா என்று சிலர் கேட்டார்கள். தஞ்சாவூர் வீணை எதில் செய்கிறார்கள்? பலாவில்தான். மிருதங்கத்தின் கட்டையும் பெரும்பாலும் பலா. பிலிப்பைன்ஸில் செபு தீவுப் பக்கத்துக் கைவினைஞர்கள் பலாவில் கிட்டாரும் உகுலேலேயும் செய்கிறார்கள். உலகம் முழுக்கக் கிட்டாரின் முதுகுக்கு விரும்பிக் கேட்கும் மரம் நம் ஈட்டி (ரோஸ்வுட்). 1960-களின் கடைசியில் பிரேசில் தன் ரோஸ்வுட் கட்டைகளை வெளியே விட மறுத்தபோது, அமெரிக்கக் கிட்டார்க்காரர்கள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டிக்குத்தான் திரும்பினார்கள். அதன் விளைவை இங்கே காடும் அனுபவித்தது. நம் மாநிலத்தில் 1994-இல் ஈட்டிக்கென்றே தனியாகப் பாதுகாப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது. புயலில் விழுந்த மரம் பரணில் இருக்கும்போது எனக்கு வேறு மரம் தேடத் தோன்றவில்லை.

சென்னையில் எங்கள் தெருமுனையில் கதவு, சன்னல் செய்யும் ஆசாரி ஒருவர் இருக்கிறார். அவருடைய பேண்ட் சாவில்தான் அறுத்தோம். அடி மரத்தின் நடுவாக அறுத்த பலகையாகப் பார்த்து எடுத்தேன். அதில்தான் வளர்ச்சி வரிகள் பலகைக்குச் செங்குத்தாக நிற்கும். அப்படிப்பட்ட பலகை மழைக்கும் வெயிலுக்கும் குறைவாக விரிந்து சுருங்கும். அதை 4 மில்லிமீட்டர் தகடுகளாக அறுத்து, அடுத்தடுத்த இரண்டைப் புத்தகம் போல விரித்து ஒட்டினால் இடமும் வலமும் ஒரே ரேகை கண்ணாடிபோல எதிரெதிரே வரும்.

"நிலைக்கு ஆவுற பலகைய அப்பளம் கணக்கா அறுக்கச் சொல்றீங்களே சார்" என்றார் ஆசாரி. ஆனால் அறுத்து முடித்து விரித்து வைத்ததும் அவரே குனிந்து, ரேகையை விரலால் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பட்டறை முழுக்க மஞ்சள் தூள். பர்மாவிலும் தாய்லாந்திலும் பௌத்தத் துறவிகளின் துவராடைக்குச் சாயம் தந்த அதே மஞ்சள்.

மேல்பலகை

முதுகும் விலாவும் பலா. மேல்பலகைக்கு மட்டும் ஸ்ப்ரூஸ் வரவழைத்தேன். குளிர் நாட்டு ஊசியிலை மரம். மெதுவாக வளர்வதால் நெருக்கமான, நேரான வரிகள். எடைக்கு இவ்வளவு விறைப்புத் தரும் மரம் அரிது. ரைட் சகோதரர்கள் 1903-இல் பறக்கவிட்ட விமானத்தின் சட்டங்கள் ஸ்ப்ரூஸில்தான் செய்யப்பட்டன. பறப்பதற்கும் ஒலிப்பதற்கும் தேவை ஒன்றுதான்: லேசாகவும் இருக்க வேண்டும், வளையாமலும் இருக்க வேண்டும்.

கிட்டாரின் குரல் பெரும்பாலும் மேல்பலகையில்தான் இருக்கிறது என்பதை அந்தோனியோ தெ தோரெஸ் என்ற ஸ்பானியக் கைவினைஞர் 1862-இலேயே செய்து காட்டினார். முதுகையும் விலாவையும் காகித அட்டையில் செய்து, மேலே மட்டும் நல்ல ஸ்ப்ரூஸ் பலகை வைத்து ஒரு கிட்டார். அது இன்றும் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தனக்குத் தெரிந்ததைப் பேச்சாகச் சொல்லாமல் ஒரு பொருளாகச் செய்துவைத்துவிட்டுப் போன அந்த மனிதரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

மேல்பலகையின் இரண்டு பாதிகளை ஒட்டுவதற்கு முன் ஓரங்களைச் சேர்த்துச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டும். இணைப்பில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி இழைப்புளியை எடுக்க வேண்டும். எனக்கு ஏழு தடவை ஆனது.

அடுத்தது கனம். இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். பலகையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்கும். 3 மில்லிமீட்டரை 2.6 ஆக்கினால் குறைந்தது வெறும் 0.4 தானே என்று தோன்றும். விறைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்கும். அதனால் கடைசியில் இழைப்புளியை வைத்துவிட்டு ஸ்கிரேப்பர் தகட்டால் சுரண்டுவேன். நாலு இழுப்பு, பிறகு ஒரு தட்டு. மேல் முனையிலிருந்து கால்வாசி தூரத்தில் இரண்டு விரலால் தொங்கவிட்டு, நடுவில் முட்டியால் தட்டிக் கேட்பது. கனமாக இருக்கும்போது 'டக்'. சுரண்டச் சுரண்ட அது கீழிறங்கி, மணி அடித்து ஓய்வது போல நீண்டு நிற்கும். ஏணியில் நின்ற அப்பாவின் சாய்ந்த தலை அப்போதெல்லாம் என் கண் முன்னால் வரும்.

2.6-இல் நிறுத்தினேன். முன்பு செய்த மூன்று கிட்டார்களிலும் 2.9-க்குக் கீழே போகத் துணியவில்லை. அவை யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது.

காற்றில் தண்ணீர்

சென்னையில் கிட்டார் செய்கிறவருக்குப் பெரிய சவால் காற்றின் ஈரம். கடலோரக் காற்றில் மரம் தண்ணீர் குடித்து ஊதி நிற்கும். அந்த நிலையில் ஒட்டிவிட்டால், பிறகு உலர்ந்த ஊருக்குப் போகும்போது சுருங்க முயலும். நாலாபக்கமும் ஒட்டியிருப்பதால் சுருங்க வழியில்லாமல் நீளவாக்கில் வெடிக்கும். நண்பன் இருப்பது பெங்களூரில். அங்கே பிப்ரவரி, மார்ச்சில் காற்று நன்றாகவே உலர்ந்துவிடும்.

ஆகவே பலகைகளைச் சின்ன அறையில் பூட்டி, ஏசியும் ஈரம் உறிஞ்சும் கருவியும் வைத்து, சுவரில் மாட்டிய ஈரமானி 45-க்கும் 50-க்கும் நடுவே நிற்கும் நாள்களில் மட்டுமே ஒட்டினேன். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மின்வெட்டு வந்தால் ஒரு மணி நேரத்தில் முள் எழுபதைத் தாண்டிவிடும். இரண்டரை மாதம் பசையையே தொடவில்லை. அந்த நாள்களில் உளி தீட்டினேன், தந்தி கட்டும் பிரிட்ஜைச் செதுக்கினேன். காத்திருப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதி என்று அந்த மழைக்காலம் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

விலா வளைப்பது

கிட்டாரின் பக்கங்கள் இரண்டு நீண்ட பட்டைகள். 2 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்து, ஈரத்துணியால் துடைத்து, உள்ளே நெருப்பு வைத்த இரும்புக் குழாயின் மேல் அழுத்தி வளைக்க வேண்டும். மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் இளகும், ஆறியதும் இறுகும். இளகி இருக்கும் அந்தச் சில நொடிகளுக்குள் வளைத்துவிட வேண்டும். மரம் இடம் கொடுக்கும் கணத்தை உள்ளங்கை உணரும். விறைத்து நின்ற பட்டை திடீரென்று தோல் வார் போலத் துவளும்.

முதல் பட்டை இடுப்பு வளைவில் முறிந்தது. அங்கேதான் வளைவு கூர்மை. பலாவின் நார் ஒரே திசையில் ஓடாது, பின்னிப் பின்னி ஓடும். அந்தப் பின்னல்தான் அதற்கு அழகும் பலமும். வளைக்கும்போது மட்டும் அதுவே எதிரி. மொத்தம் மூன்று பட்டைகள்தான் அறுத்திருந்தேன். அதே ரேகையில் இனி பலகை இல்லை. முறிந்ததைக் கையில் வைத்துக்கொண்டு அன்று மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

நண்பனுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்பா இருந்திருந்தா, மரத்த அவசரப்படுத்தாதேன்னு சொல்லியிருப்பாரு" என்றான்.

மறுவாரம் முறிந்த பட்டையின் துண்டுகளை வைத்தே பாடம் படித்தேன். தண்ணீர் அதிகமானால் பலாவின் நார் பிரிந்து எழும்புகிறது. ஈரம் குறைவாக, சூடு கூடுதலாக, கனம் 1.8. முறிவு விழும் வெளிப்பக்கத்தில் மெல்லிய எஃகுத் தகட்டை அணைத்துப் பிடித்துக்கொண்டு வளைத்தால் நார் பிளக்க இடமிருக்காது. மிச்சம் இருந்த இரண்டு பட்டைகளும் வளைந்தன. ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம். இரண்டும் அச்சில் பொருந்தி நின்றபோது கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

உள்ளே இருக்கும் எலும்பு

மேல்பலகையின் உட்புறம் பெருக்கல் குறிபோல இரண்டு நீளச் சட்டங்கள் குறுக்கே ஓடும். எக்ஸ் பிரேசிங் என்பார்கள். ஜெர்மனியிலிருந்து 1833-இல் அமெரிக்காவுக்குக் குடியேறிய கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டினின் பட்டறையில் 1840-களில் அது வளர்ந்தது. அன்றைக்குக் கிட்டாரில் இருந்தது குடல் நரம்புத் தந்தி. எஃகுத் தந்தி பின்னால் வந்தபோது அதன் இழுவைக்கு ஈடுகொடுத்தது இந்த அமைப்பு. இன்றுவரை எஃகுத் தந்தி கிட்டார்களில் பெரும்பாலானவை அதையே பின்பற்றுகின்றன.

வழக்கமாக 15 மில்லிமீட்டர் உயரம் வைக்கும் சட்டத்தை 13-க்குக் கொண்டுவந்தேன். முனைகளை ஒன்றுமில்லாத அளவுக்குச் சரித்துத் தேய்த்தேன். இங்கும் அதே மும்மடிக் கணக்குதான். உளி ஒவ்வொரு சீவலை எடுக்கும்போதும் பலகை கொஞ்சம் வாய் திறக்கும், கொஞ்சம் பலவீனமாகும். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. இன்னும் ஒரு சீவல் எடுத்தால் இன்னும் நன்றாக ஒலிக்கும் என்று கை சொல்லும். அந்த ஆசைக்கு எங்கே அணை போடுவது என்பதுதான் இந்தத் தொழிலின் முழு அறிவும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அணை போட எனக்கு உதவியது ஒரு கணக்கு. அவனுக்காகத் தந்தி நீளத்தைக் குறைத்திருந்தேன். 645 மில்லிமீட்டருக்குப் பதில் 632.5. அதோடு ஒரு படி மெல்லிய தந்தி. இரண்டும் சேர்ந்து இழுவையைச் சுமார் 65 கிலோவுக்குக் கொண்டுவந்துவிடும். தந்தியை அழுத்தும் விரலுக்கும் அது இதம், பலகைக்கும் இதம். அவன் மூட்டுவலிக்காகச் செய்த மாற்றம் ஒலிக்கும் வழி திறந்துவிட்டது.

கழுத்தும் கணக்கும்

வீணையில் 24 மெட்டுகளையும் மெழுகில் பதிப்பார்கள். அதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். காதால் கேட்டு, மெட்டை மயிரளவு நகர்த்தி, சுருதி சேரும் இடத்தில் நிறுத்துவார்கள். காலப்போக்கில் மெழுகு தளர்ந்தால் மறுபடி கட்டலாம். கிட்டாரில் அந்தச் சலுகை இல்லை. கணக்குப் போட்ட இடத்தில் ரம்பத்தால் கீறி, ஃபிரெட் என்ற உலோகக் கம்பியை அடித்து இறக்கிவிட்டால் முடிந்தது.

கணக்கு எளிது. தந்தி நீளத்தை 17.817 என்ற எண்ணால் வகுக்க வேண்டும். வருவது முதல் ஃபிரெட்டின் தூரம். மிச்சமுள்ள நீளத்தை அதே எண்ணால் மறுபடி வகுத்தால் இரண்டாவது. இப்படியே போனால் பன்னிரண்டாவது சரிபாதியில் வந்து நிற்கும். விஞ்ஞானி கலிலியோவின் அப்பா வின்சென்சோ கலிலேய் லூட் வாசித்தவர். 18-ஆல் வகுக்கும் முறையை அவர் 16-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லியிருக்கிறார். என் கிட்டாருக்கு முதல் ஃபிரெட் 35.5 மில்லிமீட்டரில். ஃபிரெட் போர்டுக்கு ஆசாரி தந்த பழைய ஈட்டிக் கட்டிலின் சட்டம். "உடைஞ்ச கட்டில்தான் சார், ஆனா மரம் உடையல" என்று சொல்லிக் கொடுத்தார்.

கழுத்தின் வடிவம்தான் நான் அதிகம் யோசித்த இடம். கட்டைவிரல் வலிக்கு ஒல்லியான கழுத்துதான் நல்லது என்று நம்பியிருந்தேன். உறுதி செய்துகொள்ள, தந்தி இல்லாத வெறும் கழுத்துத் துண்டுகள் மூன்றைச் செதுக்கிப் பெங்களூருக்கு எடுத்துப் போனேன். கனம் 20, 21.5, 23 மில்லிமீட்டர். ஒவ்வொன்றையும் பத்துப் பத்து நிமிடம் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கச் சொன்னேன். எது எது என்று அவனிடம் சொல்லவில்லை.

அவன் தேர்ந்தெடுத்தது 23. கழுத்து ஒல்லியாக இருந்தால் விரல்கள் அதிகம் மூடி, கட்டைவிரல் கிள்ளுவது போல அழுத்த வேண்டியிருக்கிறது. கொஞ்சம் சதைப்பற்றாக இருந்தால் உள்ளங்கை அதன் மேல் சாய்ந்துகொள்கிறது, கட்டைவிரல் ஓய்கிறது. அவனைக் கேட்காமல் செய்திருந்தால், நல்லது செய்வதாக நினைத்து அவன் வலியைத்தான் கூட்டியிருப்பேன்.

அரக்கு

மெருகுக்கு அரக்கு. மரக்கிளையில் ஒட்டி வாழும் சின்னஞ்சிறு பூச்சிகள் சுரப்பது. ஜார்க்கண்ட் பக்கம் நிறைய விளைகிறது. அரக்கு மாளிகை கட்டியதும் கடித உறையில் முத்திரை வைத்ததும் இதே பொருள்தான். செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் முடிந்து அதில் தோய்த்து, வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு பூச்சும் தாளைவிட மெல்லியது. ஒரு மாதம் தினமும் காலையில் அரை மணி நேரம் தேய்த்தேன். பிளாஸ்டிக் பூச்சு போல இது தடித்து நின்று பலகையின் வாயை அடைக்காது. கீறல் விழுந்தால் அதே இடத்தில் மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். மஞ்சள் பலாவின் மேல் அது தேன் போலப் படர்ந்தது. வெளிச்சம் பட்டுப் பட்டு, வருடங்கள் போகப் போக அந்த மஞ்சள் பழுப்பாகிவிடும்.

கொடுத்த நாள்

வைகாசியில், பலாப்பழப் பருவத்தில், பண்ருட்டிக்கே கொண்டுபோனேன். நண்பன் குடும்பத்தோடு வந்திருந்தான். கிட்டாரின் எடை 1.6 கிலோ. கையில் வாங்கியதும், "என்ன மச்சான், உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு" என்றான்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். "இது நம்ம மரமா?" என்று கேட்டுவிட்டு, முதுகுப் பலகையில் விரலை மடக்கித் தட்டினார்கள். ஒரு தடவை. தலையைச் சாய்த்து மறுபடி ஒரு தடவை. தந்திகளும் சேர்ந்து மெல்ல முனகின. "நல்லா விளைஞ்ச மரந்தான்" என்றார்கள். வேறெதுவும் சொல்லவில்லை. அவர்கள் கை கொஞ்ச நேரம் பலகை மேலேயே இருந்தது.

நண்பன் திண்ணையில் உட்கார்ந்து வாசித்தான். அதே பழைய மீட்டல், அதே பூப் பறிக்கிற விரல். நான் வாசலில் கயிற்றுக் கட்டிலில் இருந்தேன், பதினைந்து அடி தள்ளி. அவன் வாசிப்பை அவ்வளவு தூரத்திலிருந்து முழுதாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. நடுவிலேயே நான் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். அவன் நிறுத்தியபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. கட்டைவிரலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். தலையை மட்டும் ஆட்டினான்.

பிறகு அவன் மகள் வாங்கினாள். பத்தொன்பது வயது, கல்லூரியில் படிக்கிறாள், அவளும் வாசிப்பாள். பையிலிருந்து பிக் எடுத்து ஓங்கி ஓர் அடி அடித்தாள். எனக்கு நெஞ்சு பதறியது. தந்திகளை ஃபிரெட்டுக்கு மிக அருகில் தாழ்த்தி வைத்திருந்தேன், அவள் அப்பாவின் மெல்லிய கைக்காக. அந்த அடிக்கு அவை ஃபிரெட்டில் மோதி 'ஜர்' என்று இரைந்தன. இந்தக் கிட்டார் ஒரே ஒரு கைக்காகச் செய்தது, மற்றவர்களுக்கு ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுபடி அடித்தாள், இந்தத் தடவை கொஞ்சம் குறைவாக. இரைச்சல் குறைந்தது. இன்னும் குறைத்தாள். பிக்கைத் திண்ணையில் வைத்துவிட்டு விரலால் தொட்டாள். எங்கே தொட்டால் ஒலி முழுதாக எழுகிறது என்று ஒவ்வொரு தந்தியாகத் தேடினாள். கால் மணி நேரத்தில் அவள் கை இளகி, மணிக்கட்டு தணிந்து, விரல் நுனிச் சதையால் மீட்டிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லித் தரவில்லை.

"மாமா, இது சத்தமாக் கேட்டாத் தர மாட்டேங்குது" என்றாள்.

கயிற்றுக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டேன். திண்ணையில் வாசிப்பது அப்பாவா மகளா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.